ஐம்பத்தைந்தாயிரம் வார்த்தைகளை அழித்தவள்

லோர்னா மெட்வினுக்குக் கோபம் வந்தால் மனிதர்களுக்கு முன்னால் மாடுகளுக்குத் தெரிந்துவிடும். நூற்றெண்பது மாடுகள். கொட்டகைக்குள் வரிசையாக வந்து நிற்கும்போது, அவள் கறவைக் குழலை மாட்டுகிற வேகத்தை வைத்தே முதல் வரிசை காதை மடக்கிக்கொள்ளும். கணவர் டெஸ் அந்தக் காதுகளைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு வாயைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அந்த வருஷம் அவர் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம்தான் அவள் நாவல் எழுதினாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஐரிஷ்டவுன் பண்ணையில் பிறந்து, அதே பண்ணையில் கல்யாணம் முடித்து, அதே பண்ணையில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அந்த இரண்டும் தீவை விட்டுக் கடல் தாண்டி மெல்போர்னுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அதே பண்ணையில் காலை ஐந்துக்கும் மாலை மூன்றுக்கும் பால் கறந்துகொண்டிருந்தவள். ஐம்பத்தெட்டு வயதில் இவளுக்கு எதற்கு நாவல் என்று ஸ்மித்தன் கடைத்தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. "பொழுது போகலை"ன்னு சொல்லுவாள். சுத்தப் பொய். மாடு வைத்திருக்கிறவளுக்குப் பொழுது போகாமல் இருக்குமா?

ஒரு ஆளுக்குப் பதில் சொல்லத்தான் எழுதினாள். அந்த ஆள் அவள் தங்கை கோரல்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அப்பா கீத் பக்கவாதத்தில் விழுந்தார். பதினாலு மாதம் படுக்கை. லான்செஸ்டனில் நர்ஸாக இருந்த கோரல் வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பா அறையிலேயே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடந்தாள். லோர்னா பால் கறந்தாள். அவர் செத்ததும் உயிலில் பண்ணை லோர்னாவுக்கு என்று இருந்தது. கோரலுக்கு அம்மாவின் பாத்திர அலமாரியும் ஒரு பழைய காரும். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லாரும் சாண்ட்விச்சும் டீயுமாக நிற்கும்போது கோரல் நேராக வந்து அக்காள் முன்னால் நின்றாள்.

"பதினாலு மாசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ அவரைத் திருப்பிப் படுக்க வெச்சிருக்கியா லோர்னா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. லோர்னாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "எனக்கு மாடு கறக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். மணி மூன்று, மாடு கறக்கத்தான் வேண்டும். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. பேச்சுதான் இல்லையே தவிர, லோர்னா மனசுக்குள் தினமும் இரண்டு வேளை கோரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பதிலும் சரியாக வரவில்லை. அந்த எரிச்சல்தான் நாவலாக வந்தது. இரண்டு அக்கா தங்கை, ஒரு பண்ணை, படுக்கையில் ஒரு அப்பா. எழுதி அச்சடித்து, ஒரு பிரதியைத் தபாலில் தங்கைக்கு அனுப்பி, 'இந்தா, இதுதான் நடந்தது' என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நூலகத்தின் பின்னறையில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எழுதுகிறவர்கள் ஆறு பேர் கூடுவார்கள். அதை நடத்தினவர் க்ளைவ் பென்னிகாட். மேல்நிலைப் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர, மணியடிக்கிற பழக்கம் போகவில்லை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஒரு அட்டவணை. ஒவ்வொருவர் பெயருக்கும் இரண்டு கட்டம்: இந்த வாரம் எழுதின வார்த்தை ஒன்று, சொந்த இலக்கு ஒன்று. சொன்னபடி செய்தால் பச்சைப் பொட்டு. பாதி செய்தால் மஞ்சள். செய்யாவிட்டால் சிவப்பு. ஜனவரி கடைசியில் ஆரம்பித்து நவம்பர் கடைசி வியாழனுக்குள் லட்சம் வார்த்தை. முடித்தவர்களுக்கு நூலகத்தில் தேநீர் விருந்து, ஆளுக்கு ஒரு அத்தியாயம் வாசிப்பு, உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர்.

க்ளைவ் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்.

"எண்ணிக்கை ஏறலாம், இறங்கக் கூடாது. எழுதினதை அழிக்காதீங்க. அழிக்க ஆரம்பிச்சவன் முடிச்சதா சரித்திரமே இல்ல. திருத்தறது எல்லாம் டிசம்பர்ல."

"அப்போ குப்பைன்னு தெரிஞ்சாலும்?" என்று கேட்டான் ராஸ். அபலோனி சிப்பி எடுக்க முப்பது வருஷம் கடலுக்குள் முங்கி முங்கி ஒரு காது செவிடாய்ப் போனவன். லோர்னாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன்.

"குப்பைன்னு தெரிஞ்சாலும் மேல மேல எழுதுங்க ராஸ். மேல போகப் போகச் சரியாயிடும்."

"கடல்ல அப்படிப் போனா பொணமாத்தான் வருவோம்" என்றான் ராஸ். எல்லாரும் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை. சட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. பால் தொட்டியும் அப்படித்தானே, ஏறத்தானே வேண்டும்?

சொந்த இலக்கு என்ன என்று க்ளைவ் கேட்டபோது அவள் யோசிக்காமல் வாயைக் கொடுத்துவிட்டாள். "என் தங்கச்சிக்கு ஒரு போன் பண்ணணும்."

வாரா வாரம் சிவப்பு. பெப்ரவரி முழுக்கச் சிவப்பு. மார்ச் சிவப்பு. அவள் பெயருக்கு நேரே பலகையில் அம்மை போட்ட மாதிரி ஆயிற்று. நாவல் கட்டத்தில் மட்டும் பச்சையாக ஏறிக்கொண்டே போனது. காலைக் கறவை முடிந்து, கொட்டகையைக் கழுவிவிட்டு, ஒன்பதரைக்குப் பால் தொட்டி அறைக்குப் பக்கத்து அலுவலறையில் மகனுடைய பழைய மடிக்கணினியைத் திறப்பாள். ஆவி பறக்கிற வாய், விறைத்த விரல். நானூறு ஐந்நூறு வார்த்தை எழுதாமல் எழுந்திருக்க மாட்டாள். டெஸ் எட்டிப் பார்த்தால் கையை ஆட்டி விரட்டுவாள்.

"இன்னிக்கு எத்தனை லிட்டர் எழுதினே?" என்பார் அவர்.

"போங்க அந்தப் பக்கம்."

மே மாதம், முப்பத்தெட்டாயிரத்துக்குக் கிட்டே வந்ததும் நாவல் நின்றுவிட்டது. அப்பா படுக்கையில் விழுந்தாயிற்று. தங்கை வந்து சேர்ந்தாயிற்று. அடுத்து அந்த அறைக்குள் போக வேண்டும். 'அவள் கதவைத் திறந்தாள்' என்று எழுதினாள். அதற்கு மேல் வரவில்லை. மறுநாளும் அதே வரியில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. வியாழக்கிழமை முதல் முறையாக நாவல் கட்டத்திலும் சிவப்பு விழுந்தது. அடுத்த வியாழனும் சிவப்பு.

"சிக்கினா சுத்திப் போங்க லோர்னா" என்றார் க்ளைவ், டீ கலக்கிக்கொண்டே. "அந்த அறையை விட்டுடுங்க. கதைக்கு ஒரு திருப்பம் குடுங்க. இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க, அந்தப் போன் இலக்கு. பதினஞ்சு வாரம் ஆச்சு. ஆள் மனசு சோர்ந்துடும். முடியற மாதிரி ஒரு இலக்கு எடுத்துக்கக் கூடாதா? தினம் எட்டு டம்ளர் தண்ணி குடிக்கறதுன்னு நான் கூட வெச்சிருந்தேன் ஒரு வருஷம்."

லோர்னாவுக்குக் காதெல்லாம் சுட்டது. சண்டை போட வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, "சரி, தண்ணியே போடுங்க" என்றாள்.

மானம் கெட்ட காரியம்! அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு எத்தனை நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள் என்பது மாடுகளுக்குத்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அந்தப் பச்சைப் பொட்டு வேண்டியிருந்தது. அப்படியே நாவலுக்கும் ஒரு திருப்பம் கொடுத்தாள். தங்கையைத் திருடியாக்கினாள். தங்கை வந்தது அப்பாவைப் பார்க்க இல்லை, பண்ணையைச் சுருட்ட. யாரும் கூப்பிடாமலேயே வந்து கட்டிலைப் போட்டவள், வக்கீலோடு குசுகுசு பேசுகிறவள், அப்பாவின் கோணின கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறவள். அறைக் கதவு சாத்தியே கிடந்தது. எல்லாம் கூடத்திலும் வாசலிலும் கொட்டகையிலும் நடந்தது. எழுத்து கொட்டு கொட்டென்று கொட்டியது. ஜூன், ஜூலையில் மாடுகள் பால் வற்றி நின்றதால் கைக்கும் ஓய்வு. வாரம் மூவாயிரம் ஓடியது. ஆகஸ்டில் கன்று போடுகிற காலத்தில் முழங்கை வரை ரத்தத்தோடு வந்துகூட எழுதினாள். தண்ணீரும் குடித்தாள். இரண்டு கட்டத்திலும் பச்சை. க்ளைவ் மற்றவர்களிடம் அவளைக் காட்டி, "பாருங்க, இதுதான் ஒழுங்கு" என்றார். அக்டோபர் நடுவில் தொண்ணூற்று மூவாயிரத்து நானூறு.

விருந்தில் எதை வாசிப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு வியாழன் ஆளுக்கு ஐந்து நிமிஷம் வாசித்துப் பார்த்தார்கள். லோர்னா, தங்கை வக்கீலைச் சந்திக்கிற இடத்தை வாசித்தாள். வாசித்து முடித்ததும் இரண்டு பேர் கை தட்டினார்கள். ராஸ் நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் தாயே, அந்தத் தங்கச்சிக்குப் பசிக்கவே பசிக்காதா?" என்றான்.

"என்னது?"

"இல்ல, தூங்கறதும் இல்ல, சாப்பிடறதும் இல்ல, ஒரு தும்மல்கூடப் போடறதில்ல. காலைல எந்திரிச்சதுலேர்ந்து சூழ்ச்சி மட்டும் பண்றா. முதல்ல நீ வாசிச்ச அந்தப் பொண்ணு, அதான் மார்ச் மாசம், பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஷூவைக் கழட்டிக் கல்லைத் தட்டிச்சே, அது உசுரோட இருந்துச்சு. இது யாரு? அதைக் கொன்னு போட்டுட்டு இதைக் கொண்டாந்து நிறுத்திட்டே."

"உனக்கு என்னடா தெரியும்? நீ அவளைப் பார்த்திருக்கியா?"

"கோரலையா? ஸ்கூல்ல நமக்கு ரெண்டு வகுப்புக் கீழ... சரி, கதையில அவ பேரு கோரல் இல்லையே, நீதான் 'பார்த்திருக்கியா'ங்கறே."

லோர்னா காகிதத்தைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். க்ளைவ், "விமர்சனம் டிசம்பர்ல, ராஸ், டிசம்பர்ல!" என்று கத்துவது வாசல் வரைக்கும் கேட்டது. அன்று மாலைக் கறவையில் ஒரு மாடுகூடக் காதை நிமிர்த்தவில்லை.

மறுநாள் எழுதவில்லை. முப்பத்தெட்டாயிரத்திலிருந்து வாசித்தாள். ஒன்பதரைக்கு ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்கு டெஸ் வந்து நின்றதையும் கவனிக்காமல் வாசித்தாள். ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் வார்த்தை. ஒரு பக்கம்கூட உருப்படி இல்லை. எழுதும்போதே தெரியும், மே மாதமே, அந்த முதல் நாளே தெரியும். தெரிந்தும் மேலே மேலே எழுதியிருக்கிறாள், பலகையில் ஒரு எண் ஏற வேண்டும் என்பதற்காக! கெட்டுப்போன பாலென்று தெரிந்தால் ஒரு தொட்டி முழுக்கச் சாக்கடையில் திறந்துவிடுகிறவள் அவள். அரை நிமிஷம் யோசிக்க மாட்டாள். இதை மட்டும் ஐந்து மாதம் ஊற்றி ஊற்றி நிறைத்திருக்கிறாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. ராஸ் மேல், க்ளைவ் மேல், அந்த எட்டு டம்ளர் தண்ணீர் மேல். எல்லாவற்றையும்விடத் தன் மேல்.

"சாப்பாடு ஆறிப் போச்சு" என்றார் டெஸ்.

"டெஸ், இதை எல்லாம் அழிக்கப் போறேன்."

அவர் திரையைப் பார்த்தார். "எவ்வளவு?"

"பாதிக்கு மேல."

"ராஸ் சொன்னதுக்காகவா?"

"ராஸ் சொல்லலைன்னாலும் அது நாறிக்கிட்டுத்தானே இருக்கும்?"

அவள் 'கதவைத் திறந்தாள்' என்ற வரிக்குக் கீழிருந்து கடைசி வரைக்கும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து அழுத்தினாள். திரையின் அடியில் எண் முப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் என்று வந்து நின்றது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. போய் ஆறின ஆட்டுக்கறியைச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை க்ளைவ் பேனாவை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டு வந்தார். "லோர்னா? தொண்ணூத்தஞ்சைத் தாண்டியாச்சா?"

"முப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம்."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "கம்ப்யூட்டர் ஏதாவது...?"

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சேன். எழுதுங்க, மைனஸ் ஐம்பத்தஞ்சாயிரத்து ஐந்நூறு."

"அப்படி ஒரு கட்டமே இதுல கிடையாதே லோர்னா."

"போடுங்க ஒரு கட்டம்."

"சட்டம் ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் பொதுவான சட்டம். இதோ பாருங்க, பழைய கோப்பு எங்கயாவது இருக்கும், உங்க பையனைக் கேட்டா எடுத்துக் குடுப்பான். நான் தொண்ணூத்து மூணு நானூறுன்னே போட்டு வெக்கிறேன். இன்னும் ஆறாயிரத்து அறுநூறு. ஆறு வாரம் இருக்கு. நீங்க இந்த வருஷம் முடிச்சுடுவீங்க. பத்திரிகைக்குப் பேர் குடுத்தாச்சு!"

"எதை முடிப்பேன்? பொய்யையா?"

"கதைன்னாலே பொய்தானே..."

"அந்தப் பேச்சே வேண்டாம்!" லோர்னா எழுந்துவிட்டாள். டீக் கோப்பை கவிழ்ந்து தட்டில் இருந்த ஸ்கோன் ரொட்டி எல்லாம் நனைந்தது. "கதை பொய்யா இருக்கலாம் க்ளைவ். இது அது இல்ல. ஒருத்தி மேல சேத்தை வாரிப் பூசியிருக்கேன் நான். வாரத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு வார்த்தை சேறு. நீங்க அதுக்கெல்லாம் பச்சைப் பொட்டு வெச்சீங்க. ஒரு வரி வாசிச்சீங்களா? தண்ணி குடிச்சதுக்குப் பொட்டு வெச்சீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு? எனக்கு வெக்கமா இருக்கு!"

அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, தன் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்தின் குறுக்கேயும் 37,900 என்று எழுதினாள். க்ளைவ் பழக்க தோஷத்தில் துணியை எடுத்து அதைத் துடைத்தார். அவள் மறுபடி எழுதினாள். அவர் மறுபடி துடைக்கப் போய், துணியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"இந்தப் பலகை இல்லன்னா எனக்கு எழுதவே வராது லோர்னா" என்றார் மெதுவாக.

"அப்போ எழுதாதீங்க!"

அது கொஞ்சம் அதிகம்தான். அந்த மனுஷர் முகம் செத்துப் போயிற்று. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறுகிற ஜாதி இல்லை லோர்னா. ராஸ் மட்டும் நனைந்த ஸ்கோனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் வாசிக்கிறேன், மிச்சத்தை எழுதிட்டுக் கொண்டா" என்றான். அவனையும் ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீராப்பாக வந்துவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குத் திரையைத் திறந்தால் அதே வரி. அவள் கதவைத் திறந்தாள். திறந்து? உள்ளே என்ன? சனிக்கிழமையும் அதே வரிதான். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. எழுத வராமல் போனது திறமைக் குறைவு இல்லை. அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. பதினாலு மாதம் தன் வீட்டில், தன் அப்பா கிடந்த அறை. கட்டில் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தது என்றுகூடத் தெரியாது. வாசலில் நின்று, "எப்படிப்பா இருக்கீங்க, மாட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனது மட்டும்தான் தெரியும். தெரிந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சமையலறையில் போனை எடுத்து மனப்பாடமான எண்ணை அழுத்தினாள். யாரோ ஒரு ஆள் எடுத்துத் தப்பான நம்பர் என்றான்.

"அது மாறி மூணு வருஷம் ஆச்சு" என்றார் டெஸ், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். "ஃப்ரிட்ஜ்ல புதுசு ஒட்டியிருக்கேன் பாரு. அவ இப்போ டெவன்போர்ட்ல."

பதினைந்து வாரம் சிவப்புப் பொட்டு வாங்கினவள் ஒரு முறைகூட அந்த எண்ணை அழுத்திப் பார்த்ததில்லை என்று அந்த மனுஷருக்கும் தெரிந்துபோயிற்று. அவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லோர்னா ஃப்ரிட்ஜைப் பார்த்துப் புது எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" கோரல் குரல்தான். கொஞ்சம் தடித்திருந்தது.

"லோர்னா."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"டெஸ்?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

லோர்னா ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. "அப்பாவை நீ எப்படித் திருப்பிப் படுக்க வெச்சேன்னு எனக்குத் தெரியணும்."

"என்னது?"

"ஒரு புஸ்தகம் எழுதறேன். அதுல அந்த ரூம் வருது. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

அப்புறம் வந்தது பாருங்கள்!

"ஒன்பது வருஷம்! மன்னிப்புக் கேக்கக் கூப்பிடுவேன்னு நினைச்சேன். இல்ல, வம்பு இழுக்கவாவது கூப்பிடுவேன்னு நினைச்சேன். புஸ்தகத்துக்கு விவரம் கேக்கக் கூப்பிடுவேன்னு நான் கனவுலகூட நினைக்கலடி! உனக்குத் தோல் எதுல செஞ்சது?"

"திட்டு. திட்டிட்டுச் சொல்லு."

"சொல்ல மாட்டேன். பண்ணையையும் வாங்கிக்கிட்டே, இப்போ இதையும் குடுன்னு வந்து நிக்கிறே!"

"முப்பது வருஷம் கறந்தேன் அந்தப் பண்ணையில! நீ லான்செஸ்டன்ல வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு..."

"அந்த உடுப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தானே வந்தேன்? பதினெட்டு வருஷ வேலை!"

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"நீதான்!" கோரல் கத்தினாள். "நீதான்டி சொன்னே! அப்பா விழுந்த அடுத்த நாள் காலைல போன் பண்ணி அழுதே. 'என்னால முடியல கோரல், நீ வா, எனக்கு அவரைப் பார்க்கவே முடியல'ன்னு. மறந்துட்டியா? ஐயோ, மறந்தே போயிட்டியா?"

லோர்னாவுக்கு மறந்தேதான் போயிருந்தது. யாரும் கூப்பிடாமல் வந்தவள் என்று ஐம்பத்தைந்தாயிரம் வார்த்தை எழுதுகிற அளவுக்கு மறந்திருந்தது. இப்போது அந்தக் காலை நேரம் அப்படியே வந்தது. கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஈரக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

"ஆமா."

"எனக்கு அந்த ரூமுக்குள்ள வரப் பயம் கோரல். அவரு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, அந்தச் சத்தம்... எனக்குத் தாங்கல. மாட்டைச் சாக்கு வெச்சேன். பதினாலு மாசமும் மாட்டைச் சாக்கு வெச்சேன்."

"தெரியும். உனக்கு மட்டும்தான் அது தெரியாம இருந்துச்சு."

பிறகு கோரல், எவளோ புது நர்ஸைத் திட்டிக்கொண்டே பாடம் நடத்துகிற மாதிரி, எரிச்சலோடு சொல்ல ஆரம்பித்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பகலும் ராத்திரியும். கோணின கையை முதல்ல எடுத்து மார் மேல வெக்கணும், இல்லன்னா உடம்புக்கு அடியில சிக்கிக்கும், அவருக்குச் சொல்லத் தெரியாது. அடியில ஒரு துணி விரிச்சிருப்பேன், அதைப் பிடிச்சு உன் பக்கமா இழுக்கணும். அந்தப் பக்கம் இல்ல, உன் பக்கம், தள்ளினா விழப் போறோம்னு பயந்துக்குவாரு. முட்டிக்கு நடுவுல தலகாணி. குதிகால் மெத்தையில படக் கூடாது. முதுகெலும்பு முடியற இடத்தைப் பார்க்கணும், சிவந்திருக்கான்னு. எழுதறியா?"

"எழுதறேன்."

"ஒரு புண்ணு வரல. பதினாலு மாசத்துல ஒரு படுக்கைப்புண்ணு வரல அவருக்கு. அதை எழுது."

"எழுதிட்டேன்."

"திருப்பும்போது பேசணும். பேசிக்கிட்டே இருந்தா உடம்பைத் தளர்த்துவாரு. அவரும் பேசுவாரு, ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் கடைசியா அவருக்கு மிச்சம் இருந்துச்சு." கோரல் குரல் மாறியது, கோபம் போகவில்லை, அடியில் வேறொன்று வந்து சேர்ந்துகொண்டது. "லோர்னான்னு கூப்பிடுவாரு."

பேனா நின்றது.

"என்னையா?"

"என்னை. என்னைப் பார்த்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, லோர்னா, லோர்னான்னு. முதல் வாரம் திருத்தினேன், 'கோரல்ப்பா, நான் கோரல்'னு. சொன்னா வாசல் பக்கம் பார்ப்பாரு, உடம்பு விறைச்சுக்கும், திருப்பவே முடியாது. அப்புறம் திருத்தலை. 'ஆமாப்பா, லோர்னாதான்'னு சொன்னேன். கடைசி நாளும் அப்படித்தான் சொன்னேன். அதான் அன்னிக்கு சர்ச் கூடத்துல உன்னை அப்படிக் கேட்டேன், நீ அங்க டீக் கோப்பையோட நின்னப்ப. எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்துச்சு."

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?" என்றாள் கோரல்.

"இல்ல."

"எழுதுடி! அதுக்குத்தானே கூப்பிட்டே? பதினாலு மாசம் நான் நீயா இருந்தேன். இப்போ நீ கொஞ்ச நாள் நானா இருந்து பாரு."

போனை வைத்துவிட்டாள். லோர்னா கண்ணைத் துடைக்காமலேயே பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள்.